பெரட்டில் கூப்பிட்ட என் பெயர்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, 1979 ஐப்பசி மாதத்தில், நமுனுகுல மலையடியில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நான் உயிரோடு இருக்கும்போதே எனக்காக அழுது முடித்துவிட்டார்கள்.

அதற்கு முந்தின மாதம் தோட்டத்துக்கு வந்த பதுளை டாக்டரம்மா, உதிரப்போக்கு இருந்த பெண்களின் கருப்பை வாயில் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். எனக்கும் எடுத்தார். வலிக்கவில்லை. மறந்தும் போனேன். ஒரு காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், கங்காணி மாமா எல்லார் முன்னாலும் சொன்னார்: "அன்னம்மா, ஒன்னோட சோதனையில கொறை இருக்காம். பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

கடைசி நேரத்தில்தான் எங்கள் ஆட்கள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அதனால் அங்கே போனவர் திரும்பமாட்டார் என்பது தோட்டத்தின் நம்பிக்கை. மத்தியானத்துக்குள் நான் கொழுந்து எடுக்கும் நிரை வேறொருத்திக்குப் போய்விட்டது. எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பக்கத்து வீட்டு ராக்காயி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"அக்கா, நான் இன்னும் சாகல."

"தெரியும்டி. நீ செத்த பொறகு அழுதா ஒனக்குக் கேக்கவா போவுது?"

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் நொறுங்கிப் போனேன். சின்ன மகளுக்கு இன்னும் தானே தலை வாரத் தெரியாது. "ஆண்டவரே, ஆஸ்பத்திரிக்குப் போகாமலே சுகமாக்கும்" என்று உபவாசமிருந்தேன். எத்தனையோ புத்தகம் படித்தவள் நான். ஆனாலும் புற்றுநோய் என்றே முடிவுகட்டினேன். அப்படி யாருமே சொல்லவில்லையே என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

ஜெபக்கூட்டத்துச் சிநேகிதி பாக்கியம்தான் என்னை உலுக்கினாள். "நோயை எடுத்துப்போடுங்கன்னு அழுவுறியே புள்ள, நோய் இருக்கான்னே ஒனக்குத் தெரியாது. போய்த் தெரிஞ்சுக்கத் தைரியம் குடுங்கன்னு கேளு."

அப்படியே கேட்டேன். பயம் போகவில்லை. ஆனாலும் மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டேன். பாக்கியமும் வந்தாள். மூடுபனி விலகிப் பதுளை கீழே தெரிந்த வளைவில், இருவரும் மெல்லப் பாடியது இன்றும் காதில் இருக்கிறது.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்தவர். "புற்றுநோய் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். "அணுக்கள் கொஞ்சம் மாறிக்கிடக்கு. கிருமியாலயும் மாறும். சில மாற்றத்தைக் கவனியாமல் விட்டால் பிறகு புற்றுநோயாகவும் வரலாம். எது எண்டு பாக்கத்தான் கூப்பிட்டனான்."

சிறு துண்டு சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்கள்தான் கொடியவை. பதில் வந்தது: புற்றுநோய் இல்லை. ஆனால் விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி ஆகியிருக்கக்கூடிய மாற்றம். மார்கழியில் மயக்கம் கொடுத்து அந்தப் பகுதியை மட்டும் அகற்றினார்கள். அதன்பிறகு சொன்ன தவணைக்கெல்லாம் போய்ச் சோதித்தேன். மாற்றம் திரும்ப வரவில்லை. நான் கேட்ட தைரியத்தைத் தந்தவர், முதலில் கேட்ட சுகத்தையும் டாக்டரம்மாவின் கைகளால் தந்தார்.

இன்று 1988. பாக்கியம் 1983இல் குடியுரிமை ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாள். அவள் எனக்குச் செய்ததை நான் இப்போது மற்றவர்களுக்குச் செய்கிறேன். லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சிலருக்கு மருந்து போதுமாயிருந்தது. சிலரை மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. ஒருத்திக்குப் புற்றுநோயே இருந்தது. அவளுக்காக இப்போதும் ஜெபிக்கிறோம்.

சகோதரிகளே, உங்களுக்கும் அப்படி அழைப்பு வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். ஆண்டவரை நம்புங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காமல், பயத்தோடேயே வாருங்கள். நான் கூட வருகிறேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உங்களுக்கு.