வாசகசாலைச் சுவரில் ஓர் அரிவாள்

விலாசினிக்குக் கோபம் மூக்கு நுனியில். பாறசாலைப் பக்கத்துச் சுவர்ப் படங்களில் பாதி அவள் கைவேலை. முகம் என்று வந்தால் ஊரில் கண்ட முகத்தைத்தான் வரைவாள். அங்கன்வாடியில் வடைக்கு ஏங்கும் நரியை வரைந்தபோது, வார்டு மெம்பரேதான் என்று ஊரே சிரித்தது.

இந்த முறை வாசகசாலைச் சுவர். மேலாடை உடுத்ததற்காகப் பெண்களைச் சந்தையில் வைத்து அடித்துத் துணியைக் கிழித்த அந்தப் பழைய காலத்தை வரையச் சொல்லியிருந்தார்கள். விலாசினி நடுவில் ஒருத்தியை நிறுத்தினாள். ஒரு கை தோள்துணியை இறுக்கிப் பிடித்திருந்தது. மறு கையில் அரிவாள்.

வாசகசாலைத் தலைவர் பொன்னப்பன், பென்ஷன் வாங்கும் தலைமையாசிரியர், பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“இது சரியாவாது பிள்ளே. மேலாடை உடுக்கலாம்ணு உத்தரவு போட்ட மகாராஜா நடுவுல இருக்கணும். இவ அரிவாளைக் களைஞ்சிட்டு அவருக்க காலடியில கும்பிடணும். பொறுத்தா நல்லது வரும்ணு பிள்ளையளுக்கு ஒரு பாடம் வேண்டாமா?”

விலாசினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிபட்டவள் கும்பிட வேண்டுமாம்! படத்தில் யார் நடுவில் நிற்கிறாரோ கதை அவருடையதாகிவிடும். குனிந்து நிற்பவளைப் பார்த்து வளரும் பெண்பிள்ளை குனியத்தான் படிக்கும்.

“ஞாயிறாழ்ச்ச திறப்பு. மாத்தேல்லேண்ணா வெள்ளையடிச்சிட்டு ஃப்ளெக்ஸ் கெட்டுவோம்,” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

அவள் அரிவாளைத் தொடவில்லை. படத்தில் பின்னால் வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு இன்னும் முகம் வைக்காமல் இருந்தது. அதை வரைந்து முடித்தாள்.

சனிக்கிழமை பொன்னப்பன் வெள்ளை பெயின்ட் வாளியோடு ஓர் ஆளைக் கூட்டி வந்தார். சுவர் முன்னால் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில், வேடிக்கை பார்ப்பவர்களின் முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றது சாட்சாத் பொன்னப்பன்.

“எனக்க மொகத்தை எதுக்கு இதுல கொண்டு வச்சே?”

“பாடம் வேணும்ணு சொன்னது சாரு தானே. அடிச்சவனும் அடி கொண்டவளும் மட்டுமா அங்க உண்டு? பாத்துட்டு நிண்ணவனும் உண்டு.”

“அன்னைக்கு நான் இருந்திருந்தா தடுத்திருப்பேனாக்கும்!”

“அப்ப இன்னைக்கு எதுக்கு சாரே வெள்ளை பெயின்டும் கொண்டு வந்தது?”

பொன்னப்பன் பழக்க தோஷத்தில் கையைக் கட்டினார். பெண்கள் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சட்டென்று கையை அவிழ்த்துக்கொண்டு, “வாளியை எடுலே, போலாம்,” என்றார்.

“வாளி இங்க இருக்கட்டும்,” என்றாள் விலாசினி. சிரிக்கவில்லை, கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த வெள்ளையிலேயே தூரிகையை முக்கி, அரிவாளின் கூருக்கு ஒரு கோடு இழுத்தாள்.