கண்ணாடி இல்லாத பிரேம்

கப்பலில் வந்து இறங்கும் பழைய சாமான்களுக்கு கானாவில் எங்கள் செக்கொண்டிச் சந்தையில் ‘வெள்ளைக்காரன் செத்துட்டான்’ என்றுதான் பெயர். செத்திருக்காவிட்டால் இவ்வளவு நல்ல பொருளை யார் கொடுத்திருப்பார்கள்? குகுவா வாங்குவது படம் மாட்டும் பிரேம்கள் மட்டும். அவள் மூட்டை பிரிக்கும் நாளில் பக்கத்தில் மீன் விற்கும் எஃபுவா எட்டிப் பார்ப்பாள்.

“என்ன குகுவா, இன்னிக்கு எத்தன பேரு செத்து வந்திருக்காங்க?”

“உன் மீனவிடக் கம்மிதான். நாறவும் மாட்டாங்க.”

பாதி பிரேம்களில் யாரோ ஒருவரின் படம் அப்படியே இருக்கும். கல்யாண ஜோடி, தொப்பி வைத்த சிப்பாய், பல் விழுந்த பிள்ளை. மற்ற வியாபாரிகள் அடுப்பில் போட்டுவிடுவார்கள். குகுவா ஒவ்வொரு முகத்தையும் முந்தானை முனையால் துடைத்து, தகரப் பெட்டியில் குப்புற அடுக்குவாள்.

“மல்லாக்க வெச்சா நம்மளயே பாத்துட்டுக் கெடப்பாங்க, அபா” என்பாள் என்னிடம்.

பிறகு வேலை தொடங்கும். பழைய தங்கப்பூச்சை அவள் உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, வெள்ளையோ நீலமோ அடித்து வெயிலில் காய வைப்பாள். பூப்போட்ட துணியை ஓரங்களில் ஒட்டி, மூலையில் சோழி பதிப்பது என் வேலை. புது வீட்டுக்காரர்களும் விடுதிக்காரர்களும் கூடத்துச் சுவருக்கென்று நாலு நாலாக வாங்கிப் போவார்கள். எட்டு வருடமாக அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே ஒரு பிரேமை மட்டும் அவள் விற்க மாட்டாள். மடியில் பூனையோடு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவி அதில் இருந்தாள். அதன் பின்பலகையில் ஒட்டிய காகிதத்துக்குள் தன் மகன் ஜோஜோவின் படத்தை குகுவா ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு அது அப்போது தெரியாது. ஜோஜோ பாலைவனம் தாண்டி லிபியா போனவன். அங்குள்ள கடற்கரையிலிருந்து ஒருமுறை போனில் பேசினான். ஆறு வருடமாக அவன் குரல் இல்லை. பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அந்தச் சின்னப் படம் ஒன்றுதான் மிச்சம். வாலிபப் பையன் படம் சுவரில் தனியாகத் தொங்கினால், செத்துவிட்டான் என்று நினைத்து வருகிறவர்கள் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பயந்துதான் கிழவியின் முதுகில் வைத்தாள்.

அன்று குகுவா துறைமுகத்துக்குப் போயிருந்தாள். ரயில்வேயில் இருந்த ஆர்ஹின் பெரியவர் இறந்து ஒரு வாரம். அவர் மகள் மான்சா அழுதுகொண்டே படத்தோடு வந்தாள். துக்கக் கூட்டத்துக்கு உடனே வேண்டும். ஆணியில் தொங்கிய கிழவியின் பிரேம்தான் அளவு சரியாக இருந்தது. குகுவா விற்காதது என்று தெரிந்தும், அழுகிற பெண்ணிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழவியை எடுத்துவிட்டுப் பெரியவரை வைத்தேன். ஓரமெல்லாம் துக்கத் துணி சுற்றிக் கொடுத்தேன்.

குகுவா திரும்பி வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள்.

“பிரேம் எங்க அபா?”

சொன்னேன். அவள் திட்டவில்லை.

“எந்தக் கலர்த் துணி சுத்துன?”

“கறுப்பும் செவப்பும். சாவுக்குச் சுத்துறதுதானே.”

அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

ஓடினோம். துக்க வீட்டுப் பந்தலில் எல்லோரும் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாகக் கை கொடுத்துக்கொண்டே போய் உட்கார வேண்டும். எங்கள் வழக்கப்படி, வீட்டுக்காரர்கள் தண்ணீர் கொடுத்துச் சேதி கேட்கும் வரை வந்தவர் வாய் திறக்கக் கூடாது. மேசையில் இருந்த படத்தின் முன் ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள். ஒவ்வொரு முறையும் குகுவா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தண்ணீர் வந்தது. குடும்பத் தலைவர் கேட்டார்: “இங்க எங்க நெலம தெரிஞ்சதுதான். நீங்க என்ன சேதியா வந்தீங்கம்மா?”

பிரேம் மாறிவிட்டது என்று சொல்லத்தான் வழியெல்லாம் பேசிவைத்திருந்தோம். அவள் வாயில் வேறு வந்தது.

“என் பையனக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று நினைத்து ஒருத்தி ஓலமிட்டாள். பந்தல் முழுக்க அழுகை பற்றிக்கொண்டது. “அவன் பேரு என்ன தாயி? பேரச் சொல்லி அழுவோம்” என்றாள் ஒரு கிழவி.

“பேரக் கேக்காதீங்க! அவன் சாகல!”

அழுகை நின்றது. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கூட்டத்தின் முன் எழுந்து நின்று, என் தவறை ஒரே மூச்சில் சொன்னேன். மான்சா பிரேமைத் திருப்பிக் காகிதத்தைக் கிழித்தாள். ஜோஜோ கசங்காமல் வந்தான்.

“அழுதாச்சேம்மா” என்றார் குடும்பத் தலைவர் மெதுவாக. “அத எப்படித் திரும்ப வாங்குறது?”

“அழுதது உங்க வீட்டுக்கு ஐயா. எம்புள்ள அவரு முதுகுல கொஞ்சம் சாஞ்சிருந்தான். அவ்வளவுதான்.”

மறுநாள் ஒரு சின்ன பிரேமுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள். கண்ணாடி அறுத்து எடுத்துப் போனேன். தள்ளிவிட்டாள்.

“வேணாம். மூச்சு முட்டும்.”

அதே ஆணியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மாட்டினாள். எஃபுவா எட்டிப் பார்த்தாள்.

“யாரு குகுவா இது? எப்போ...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

“எம்மகன். இருக்கான்.”

வடக்கேயிருந்து பாலைவனத் தூசி அடிக்கும் மாதங்களில் அந்தப் படம் மங்கிவிடுகிறது. மூட்டையில் வந்த செத்தவர்களின் முகங்களைத் துடைத்து முடித்ததும், அதே முந்தானை முனையால் அவனையும் துடைக்கிறாள். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் தலையைக் குனிந்து துணி ஒட்டுகிறேன்.