பழுது வரட்டும் என்று வேண்டினேன்

போன சாரல் சீசனில் நான் அழாத நாளில்லை. மேலகரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வைஃபை டிரைவர் எழுதுகிறேன். கணினிக்கும் வைஃபை சிப்புக்கும் நடுவில் நின்று வேலை வாங்கும் நிரல் அது. பேட்டரி மிச்சமாக வேண்டுமென்று சிப் அடிக்கடி தூங்கி எழும். அது எழும் நேரத்தை மில்லி செகண்டில் கணக்குப் பார்த்து டிரைவர் கூப்பிட வேண்டும். ஒரு வாடிக்கையாளரிடம் மட்டும் தூங்கிய சிப் எழாமலே போனது. என் மேசையிலோ சமர்த்தாக எழுந்தது. கண்ணில் படாத பழுதை எப்படித் திருத்துவது?

"வீட்டிலிருந்து பார்த்தது போதும், பெங்களூருக்கே வந்துவிடுங்கள்" என்றார் மேலாளர். எங்களுக்குக் கல்யாணமாகி முதல் வருடம். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் அதை விட்டு எங்கே வருவார்? அவரைப் பிரிந்து போக எனக்கும் மனமில்லை.

குற்றாலத்துக்குப் போய்க் குழல்வாய்மொழி அம்மை முன் நின்றேன். "தாயே, அந்தப் பழுது ஒரே ஒரு தடவை என் கண் முன்னால் வரட்டும்" என்று கேட்டேன். எந்தப் பைத்தியக்காரியாவது இப்படி வேண்டுவாளா!

வீடு திரும்பினால் மேசையில் அந்தச் சிப் பொருத்திய சோதனை போர்டைக் காணோம். சிப் பதில் தரவில்லை என்று திரையில் சிவப்பு எழுத்து.

"அத்தான், போர்டு எங்க?"

"தொட்டுப் பாத்தேன், சுடுதுட்டி. பாவம்னு பிரிட்ஜ்ல வச்சேன்."

முருங்கைக்காய்க்கும் தயிர்ச் சட்டிக்கும் நடுவில் பேட்டரியோடு கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிரிட்ஜ் கதவு சிக்னலை மறைத்திருக்கும் என்று வெளியே எடுத்தேன். அப்போதும் எழவில்லை. குளிர் விட்ட பிறகுதான் எழுந்தது.

அட! அந்த வாடிக்கையாளரின் கருவிகள் இருப்பதே குளிர்பதனக் கிடங்கில். எனக்கு உறைக்கவே இல்லையே! குளிரில் சிப் எழக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது. என் டிரைவர் அவசரப்பட்டுக் கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லையென்று கைவிடுகிறது. தயார் என்று சிப்பே சொல்லும்வரை பொறுக்கும்படி மாற்றினேன். கிடங்கிலும் சிப்புகள் எழுந்தன. "நீங்கள் அங்கேயே இருங்கள்" என்றார் மேலாளர்.

"இது அம்மை செஞ்சதா, நான் செஞ்சதா?" என்று சீண்டினார் என் வீட்டுக்காரர்.

"அம்மைதான் ஒங்க கையப் புடிச்சு செஞ்சா."

அவர் கண் கலங்கி நான் அன்றுதான் பார்த்தேன்.

தவித்துக்கொண்டிருக்கும் என் சொந்தங்களே, கஷ்டம் போகட்டும் என்று கேட்கும்போதே, அது எங்கிருக்கிறதென்று காட்டு தாயே என்றும் கேளுங்கள். காட்டுவாள். யார் கையால் என்பது அவள் இஷ்டம்.

எங்கள் பிரிட்ஜில் நடுத்தட்டு இப்போது போர்டின் குளிர்ச் சோதனைக்குத்தான். "அங்கன கத்திரிக்காய வைக்காதட்டி, ஒன் சிப்பு ஒறங்கட்டும்" என்கிறார் கமிஷன் கடைக்காரர்.