கண் திறக்காத புறா

என் மனைவியின் கல்லறைக்கென்று செய்த கற்சிலுவை மூன்று வருடம் எங்கள் வீட்டுப் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியோரம் சாய்ந்து கிடந்தது. முதலில் ஒரு போர்வையால் மூடி வைத்தேன். துவைக்க எடுத்த போர்வையைத் திரும்பப் போடவில்லை. வீட்டு வேலைக்கு வந்த அம்மா அதன் கைகளில் தரை துடைக்கும் துணியைக் காயப்போட ஆரம்பித்தார். சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். ஆபீஸ் முடிந்து வந்தால் வாயைத் திறக்கவே சலிப்பாக இருக்கும். கொஞ்ச நாளில் அந்தக் காட்சி எனக்கே பழகிவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தாக்களில் நானும் ஒருவன். மனு வாங்குவது, மனுவுக்கு எண் போடுவது, 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் எழுதுவது என் வேலை. மனைவி நர்ஸ், கேரளத்துக்காரி. இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் அவள் பிறந்த சபை வேறு, என் சபை வேறு. எங்கள் சிலுவை இரண்டு சட்டத்தைக் குறுக்கே வைத்தால் முடிந்தது. அவள் கல்யாணத்தோடு கொண்டுவந்த மரச்சிலுவை அப்படியில்லை. ஒரு சாண் உயரம். அடியில் விரிந்த தாமரை, அதிலிருந்து சிலுவை எழும். மற்ற மூன்று முனைகளும் மொட்டு விட்டதுபோல் இருக்கும். உச்சியில் ஒரு புறா மூக்கைக் கீழே நீட்டிக்கொண்டு இறங்கும். இயேசுவின் உருவம் அதில் கிடையாது. வாடகை வீட்டின் வாசல் நிலைக்கு மேல் அதை ஆணியடித்து மாட்டினாள்.

"இது என்ன, பூக்கடையில வாங்கின சிலுவையா?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்க. எங்க ஊர்ல எத்தனையோ தலைமுறையா இருக்கற குருசு. இதே மாதிரி கல்லுல ஒண்ணு மெட்ராஸ்ல பரங்கிமலையிலயே இருக்கு. ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்றாள். சிலுவையைக் கடைசிவரை குருசு என்றுதான் சொன்னாள்.

போகலாம் என்றேன். ஆபீஸ் வேலையாக எத்தனையோ முறை சென்னைக்குப் போய்வந்தேன், அவளைக் கூட்டிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் பேப்பரை விரித்ததும், எதிரில் உட்கார்ந்து அந்தச் சிலுவையைப் பற்றி ஏதாவது சொல்வாள். பூ எதற்கு, புறா எதற்கு, ஏன் ஆள் இல்லை என்று. நான் 'ம்' கொட்டுவேன். விலைவாசிச் செய்தியும் கிரிக்கெட்டும் எனக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கின்றன.

தொண்ணூற்றாறில் சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில் விழுந்தாள். நர்ஸ் என்பதால் எங்களை விட அவளுக்குத்தான் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தது. ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"என் தலைமாட்டுல நம்ம வாசல்ல இருக்கற குருசு மாதிரி வைங்க. பூவோட, புறாவோட. உங்க குருசு வேணாம், அது கரண்ட் கம்பம் மாதிரி இருக்கு."

கண்டிப்பாக வைக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். வேறு எதற்கும் அவளிடம் நான் அப்படிச் சத்தியம் செய்ததில்லை.

அடக்கம் முடிந்து நாற்பதாவது நாள், வாசல் சிலுவையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் போகும் வழியில் இருந்த சிற்பப் பட்டறைக்குப் போனேன். நந்தி, நாகர், குலதெய்வச் சிலைகள் செய்கிற இடம். ஸ்தபதிக்கு என் வயதுதான் இருக்கும். மரச்சிலுவையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாமரை எனக்குத் தூக்கத்துலயும் வரும் சார். இது என்ன, புறாவா? ஏன் கீழ பாத்து எறங்குது?"

"தெரியலீங்க."

"ஏன் மேல யாரும் இல்ல?"

அதற்கும் தெரியாது என்றேன். ஏழு வருடம் அதன் கீழே குனிந்து செருப்பு மாட்டியவன் சொன்ன பதில் அது. அவர் அளவெடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் சிலுவை வண்டியில் வந்து இறங்கியது. கருங்கல், மூன்றடி உயரம். தாமரை இதழ்கள் சாமி பீடத்தில் இருப்பதுபோலவே அச்சாக விரிந்திருந்தன. புறாவின் சிறகில் ஒவ்வொரு கீற்றும் தெரிந்தது. கண் மட்டும் இல்லை, அந்த இடம் மழமழவென்று இருந்தது.

"மறந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க சார்" என்றார் ஸ்தபதி. "நட்டப்புறம் நானே வந்து கண்ண தெறக்கறேன்."

"இது சாமி சிலை இல்லீங்களே."

"கண்ணு இருக்கறது எதுவா இருந்தாலும் எங்க வழக்கம் அதான். எடத்துல நிக்கறதுக்கு முந்தி அது கண்ணு தெறக்கக்கூடாது."

நான் செய்த தப்பு, கல்லைச் செய்துவிட்டு அனுமதி கேட்டதுதான். ஊரெல்லாம் அதே தப்பைச் செய்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, முதலிலேயே கேட்டிருக்க வேண்டாமா என்று எரிந்து விழுவேன். கல்லறைத் தோட்டம் சபைக்குச் சொந்தம், கமிட்டி சம்மதிக்காமல் அங்கே கல் வைக்க முடியாது. கமிட்டிச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நல்ல மனிதர், என் மனைவி படுக்கையில் கிடந்தபோது தவறாமல் வந்து ஜெபம் பண்ணியவர். வீட்டுக்கு வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார்.

"சிலுவை சரி. கீழ எதுக்குத் தாமரை? பெருமாள் கோயில் பீடம் மாதிரி இருக்கே. போதாததுக்கு அது எலக்‌ஷன் சின்னம் வேற. நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்றது?"

"அவங்க ஊர்ல பழைய வழக்கம்ங்க ஐயா."

"என்ன அர்த்தம்னு எழுதிக் குடுங்க. கமிட்டியில வைக்கறேன்."

வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'பொருள்' என்று எழுதிக் கோடு போட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை. அவள் ஞாயிறுதோறும் சொன்னதில் ஒரு வரி திரும்பி வருமா என்று யோசித்தேன். குரல் வந்தது, கை ஆட்டும் விதம் வந்தது, வார்த்தை ஒன்றும் வரவில்லை. அன்று நான் அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

வெறும் 'பாரம்பரியம்' என்று எழுதிக் கொடுத்தேன். 'விளக்கம் போதவில்லை' என்று திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன். கமிட்டி கூடவில்லை, போதகர் மாற்றலாகிப் போனார், புதியவர் வரட்டும் என்றார்கள். என் மனுவும் பரிசீலனையில் இருந்தது. யார்மேல் கோபப்படுவது? இத்தனை வருடமாக நான் மற்றவர்களுக்குச் செய்ததைத்தான் அவர்கள் எனக்குச் செய்தார்கள். இப்படித்தான் மூன்று வருடம் போயிற்று, கல்லின் மேல் துடைப்புத் துணி காய்ந்தது.

ஒரு நாள் அந்தத் துணியிலிருந்து அழுக்குத் தண்ணீர் புறாவின் தலையில் சொட்டுவதைப் பார்த்தேன். அன்றே கேரளத்தில் இருந்த அவள் அக்காவுக்குக் கடிதம் போட்டேன். பதில் மலையாளத்தில் வந்தது. அவளோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எனக்குப் படித்துச் சொன்னாள்.

சிலுவையில் ஆள் இல்லாததற்குக் காரணம், அவர் எழுந்து போய்விட்டார் என்பதுதான். முனையில் மொட்டு இருப்பது, செத்த மரம் துளிர்த்துவிட்டது என்பதற்கு. இறங்கும் புறா பரிசுத்த ஆவி. தாமரை இந்த மண். எங்கிருந்தோ வந்த விசுவாசம் இந்த மண்ணின் பூவில்தான் வேர் பிடித்தது, அதை ஏன் மறைக்க வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தார். நர்ஸ் அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். படிங்க என்றேன்.

"'இதெல்லாம் உங்களுக்கு அவளே சொல்லியிருக்காளே. வாராவாரம் சொல்றேன், பேப்பருக்குப் பின்னாலேர்ந்து ம்-னு ஒரு சத்தம் வருதுன்னு எனக்கு எழுதுவா'ன்னு போட்டிருக்காங்க சார்."

அடுத்த வாரமே லீவு போட்டுப் பரங்கிமலைக்குப் போனேன், தனியாக. பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த கல்லில் சிலுவை, மேலே இறங்கும் புறா, சுற்றிலும் வளைவாகப் பழைய பாரசீக எழுத்து. இந்த மலையில் உயிர்விட்ட அப்போஸ்தலரே தம் கையால் செதுக்கினார் என்றார் அங்கிருந்த ஒருவர். இல்லை, சில நூறு வருடம் கழித்து வந்தவர்கள் வைத்தது என்றார் இன்னொருவர். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்பதிலும் படித்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லையாம். யார் செய்தது என்று தெரியாமலே அது அவ்வளவு காலமாக நிற்கிறது. உன் அர்த்தத்தை எழுதிக் கொடு என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குக் கால் வலித்தது. அவளால் இந்தப் படியெல்லாம் அப்போது ஏற முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

கடிதத்தைத் தமிழில் எழுதிக் கமிட்டிக்குக் கொடுத்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"நல்லா இருக்கு. ஆனா எல்லாரும் படிச்சுட்டு வரமாட்டாங்களே. ஒண்ணு பண்ணுங்க. பூ இருக்கற பாகத்த மண்ணுக்குள்ள எறக்கிடுங்க. சிலுவை மட்டும் வெளிய தெரியட்டும். யாருக்கும் மனஸ்தாபம் இல்ல."

சரி என்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மூன்று வருடச் சலிப்பு அப்படித் தலையாட்டியது.

பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் காலையில் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஸ்தபதி குழியைப் பார்த்தார்.

"எதுக்கு சார் இவ்வளவு ஆழம்?"

சொன்னேன். அவர் உளிப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"பீடத்த மண்ணுல பொதைக்கறதுக்கு இது மைல்கல்லா சார்? அப்படி வைக்கறதுனா நீங்களே வச்சுக்குங்க. நான் கண்ணு தெறக்க மாட்டேன்."

அவருக்கு அந்தச் சிலுவை சாமியும் இல்லை, சொந்தமும் இல்லை. அவர் பிடிவாதமாக நிற்கிறார். சத்தியம் செய்த நான் குழி வெட்டிக்கொண்டு நிற்கிறேன். மண்வெட்டியை எடுத்து, வெட்டிப் போட்ட மண்ணில் பாதியை நானே குழிக்குள் தள்ளினேன்.

"பூ முழுசும் வெளிய நிக்கட்டுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

கல்லை நட்டு, மட்டம் பார்த்து, சிமென்ட் போட்டு முடிக்க வெயில் ஏறிவிட்டது. ஸ்தபதி கை கால் கழுவிக்கொண்டு சின்ன உளியை எடுத்தார்.

"எதிர்ல நிக்காதீங்க சார், தள்ளிக்குங்க. முதல் பார்வை உங்க மேல விழக்கூடாது."

"யார் மேல விழணும்?"

"அது கீழதான பாக்குது" என்றார்.

நான் ஓரமாகப் போய் நின்றேன். இரண்டு பக்கமும் நாலைந்து தட்டுதான். தூசியை ஊதிவிட்டு, உளியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். செயலாளர் அடுத்த ஞாயிறு வந்து பார்த்தார். தாமரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஏதாவது செடி வையுங்கள் என்று மட்டும் சொன்னார். இன்றுவரை நான் வைக்கவில்லை.

அன்று ஸ்தபதி போனபிறகு கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிலுவையைப் பார்த்து, ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னேன். ஆள் ஏன் இல்லை, மொட்டு எதற்கு, புறா எதற்கு, பூ எதற்கு. ஒன்றுகூட விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒரு 'ம்' கொட்டக்கூட ஆள் இல்லை.