மீராவின் அப்பா உட்காரும் இடம்

கல்கத்தாவில் டாலிகஞ்சில் இருக்கும் ஷியாமளாவுக்குத் தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான், இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்தால், இன்னும் கொஞ்சம் இருந்தாலும் தேவலை என்று நீங்களே சொல்வீர்கள்.

அவளைப் பெண் பார்க்கக் கும்பகோணம் வந்தபோது பத்மநாபன் வாயை மூடவே இல்லை. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்து, அங்கே துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கப்பல், கால்பந்து, காளி பூஜை, அரசியல் என்று மூச்சு விடாமல் பேசினார். தட்டில் சொஜ்ஜி ஆறிப் போயிற்று. எதிர்வீட்டுக் குழந்தைகளைக் கூப்பிட்டு வங்காளிப் பாட்டு வேறு சொல்லிக்கொடுத்தார். ஷியாமளாவின் அப்பா சொக்கிப் போனார்.

"கல்கத்தாக்காரா இப்படித்தான். உட்கார்ந்தா பேச்சு, எழுந்தா பாட்டு. நம்மூர் மாதிரி உம்மணாமூஞ்சியா இருப்பாளா என்ன?"

மாப்பிள்ளை பல நாளாகச் சரியாகத் தூங்கவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு வியாதியை ஊர்வழக்கம் என்று நினைத்துப் பெண்ணைக் கொடுத்த மாமனார் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கல்யாணமாகி முதல் துர்கா பூஜை. தெருவெல்லாம் மேளம் அதிர, பத்மநாபன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. குளியல் இல்லை, சாப்பாடு இல்லை, கேட்டதற்குப் பதில் இல்லை. "வேலை அலுப்பு" என்றாள் மாமியார். "திருஷ்டி" என்றார் பத்மநாபனின் அண்ணா ஸ்ரீனிவாசராகவன். முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் சேர்ந்து சோற்றில் மறைத்தார்கள். மாமியாரின் இடுப்புச் செருகலிலிருந்து ஒருநாள் மாத்திரைப் பட்டை கீழே விழுந்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. காலேஜ் நாளிலிருந்தே அவருக்கு மனநோய். சில மாதம் ஆகாயத்தில் பறப்பார், சில மாதம் பாதாளத்தில் கிடப்பார்.

"ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கத்தினாள் ஷியாமளா.

"சொல்லியிருந்தா உங்கப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?" என்றார் ஸ்ரீனிவாசராகவன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பது அவர் கட்சி. அந்த ஆயிரத்தையும் யார் சுமப்பது என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

அழைத்துப்போக அப்பா வந்தார். அவளும் பெட்டி கட்டினாள். போவதற்கு முன் டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று புருஷனோடு அலிப்பூருக்குப் போனாள். பேசத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்த பத்மநாபன் டாக்டரிடம் வங்காளியில் என்னவோ சொன்னார். அப்புறம் இவள் பக்கம் திரும்பினார்.

"உங்கிட்ட எதையும் மறைக்காம சொல்லச் சொல்லியிருக்கேன். பொண் பார்க்க வந்த அன்னிக்கே நானே சொல்றேன்னேன், ஆத்துல விடலை. நீ போறதுன்னா நானே டிக்கெட் எடுத்துத் தரேன் ஷியாமளா."

அந்த வீட்டில் அவளிடம் முதன்முதலில் உண்மை பேசிய ஆள் அந்த நோயாளிதான். பொய் சொன்னவர்கள் எல்லோருக்கும் புத்தி நன்றாகத்தான் இருந்தது! வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தாள். தியாகம் கியாகம் என்று யாராவது ஆரம்பித்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பிடிச்சுது, இருந்தேன்" என்பாள்.

மற்ற பெண்கள் காய்கறி பேரம் பேச வங்காளி கற்றார்கள். ஷியாமளா முதலில் கற்றது 'கூம் ஹொய்னி'. தூக்கம் வரவில்லை என்று அர்த்தம். டாக்டரிடம் சொல்லவேண்டியது அதுதானே. புருஷனின் பேச்சு வேகமெடுப்பதை அவருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். ஒரே ஒரு தடவை ஏமாந்தாள். டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் அவர் உலக அரசியல் பற்றிப் பிரசங்கம் செய்ய, கூட்டம் நின்று கேட்டது. ஒருவர் எதிர்வாதம்கூடச் செய்தார். அந்த ஊரில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஷியாமளா ஓரமாக நின்றாள். வாதம் ஓய்ந்ததும், "வாங்கோ, ஆத்துக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள். வந்துவிட்டார். மறுபடி மாத்திரை, மறுபடி ஆபீஸ். விழுந்தும் எழுந்தும் வேலையை முடித்து, மாலையும் கழுத்துமாக ரிட்டயர் ஆனார். நல்ல உடம்போடு ரிட்டயர் ஆகிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு அப்படியொன்றும் பெரிதாகத் தோன்றாது.

ஒரே பெண் மீரா. ஜாதவ்பூரில் படித்தவள். கூட வேலை பார்க்கும் முகுந்தைத் தானே பார்த்துக்கொண்டாள். பையன் வீட்டார் சென்னையிலிருந்து வந்த முதல் நாளே, காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஷியாமளா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஸ்ரீனிவாசராகவன் முகத்தில் ஈயாடவில்லை. முகுந்தின் அம்மா வைதேகி மெதுவாகக் கேட்டாள்.

"இது குழந்தைகளுக்கும் வருமா?"

"வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தா என்ன பண்ணணும்னு எங்காத்துல எல்லாருக்கும் தெரியும் மாமி."

சென்னை போய்ப் போன் செய்தார்கள். கல்யாணம் கல்கத்தாவிலேயே நடக்கட்டும், ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும் என்றாள் வைதேகி. தாலி கட்டும்போது பெண் அப்பா மடியில் உட்காருவது வழக்கம். அந்த இடத்தில் பெரியப்பா உட்காரட்டும். மேடையில் ஏதாவது ஆகிவிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

ஸ்ரீனிவாசராகவன் புது வேஷ்டிக்கே தயாராகிவிட்டார். பத்மநாபனும், "எனக்கென்ன, கல்யாணம் நடந்தாப் போறும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஷியாமளாவுக்குப் பொறுக்கவில்லை. மீராவைக் கூப்பிட்டாள்.

"நான் மாட்டேன்னு சொன்னா உன் கல்யாணம் நின்னாலும் நிக்கும். சொல்லட்டுமா?"

மீராவின் கண் நிறைந்துவிட்டது. முகுந்த் மேல் அவளுக்கு உயிர். ஆனாலும் தலையை நிமிர்த்தி, "போலோ மா. சொல்லு" என்றாள்.

ஷியாமளா போனில் குரலை உயர்த்தவில்லை. "மாமி, பொண்ணைப் பெத்தவர் இருக்கார். அவர் மடியிலதான் பொண்ணு உட்காருவா. முடியாதுன்னா இதோட விட்டுடலாம், வருத்தமில்லை."

வருத்தமில்லை என்றது சுத்தப் பொய். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதாள். நாலைந்து நாள் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. பத்மநாபன் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அப்புறம் முகுந்த் நேரில் வந்தான். "அங்கிள், நீங்க உட்கார்ந்தாத்தான் நான் தாலி கட்டுவேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

முகூர்த்த நாள் வந்தது. மேடையில் நெல் மூட்டை போட்டு அதன்மேல் பத்மநாபன் உட்கார்ந்தார். மீரா அவர் மடியில் உட்கார்ந்தாள். அதுவரை கம்பீரமாக இருந்த மனுஷர், பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். உடம்பெல்லாம் குலுங்கியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்தினார். மண்டபத்தில் கிசுகிசு எழுந்தது. ஸ்ரீனிவாசராகவன் பாய்ந்து வந்து, "ஆரம்பிச்சுடுத்து, உள்ளே அழைச்சுண்டு போ, மாத்திரை குடு" என்று பல்லைக் கடித்தார். கீழே வைதேகி எழுந்தே விட்டாள்.

ஷியாமளா அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத முகமா அது? நிமிர்ந்து, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"பொண்ணைக் குடுக்கற அப்பா அழறார் அண்ணா. இதுக்கு மாத்திரை கிடையாது."

வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாதஸ்வரக்காரர் பக்கம் திரும்பி, "ஏன் நிறுத்தினேள்? வாசிங்கோ" என்றாள்.