கதவுக்கு முட்டுக்கொடுத்த இரும்பு

திருவொற்றியூரில் அண்ணன் வீட்டு வாசற்கதவுக்கு ஓர் இரும்புப் பலகைதான் முட்டு. கடற்காற்று நேராக வந்து மோதுகிற தெரு. முட்டு இல்லாவிட்டால் கதவு படார் படாரென்று அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளங்கை அகலப் பலகை, அதன்மேல் வளைவாக நட்ட சில எஃகு முளைகள். வருகிறவர்கள் அதில் கால் இடித்துக்கொண்டு, இது என்ன என்று கேட்பார்கள். அண்ணி என்னைப் பார்ப்பார், நான் அண்ணனைப் பார்ப்பேன், அண்ணன் கடல் பக்கம் பார்ப்பான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அங்கே ஜிக் செய்கிறவன் அவன். ஒரே பொருளை எத்தனை முறை செய்தாலும் அளவு மாறாமலிருக்க, அதை வைத்துச் செய்யும் தாங்கிக்குத்தான் ஜிக் என்று பெயர். வேலை போனதும் வீட்டில் கோணலாக இருந்ததையெல்லாம் நேராக்கத் தொடங்கினான். காலண்டர், கட்டில், கடைசியில் நான் போட்ட கோலம். ராயபுரத்தில் ஒரு சரக்கு ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு, வீட்டைவிட ஆபீசே நிம்மதியாக இருந்தது. பிறகு ஒருநாள், ஓசூரில் வேலை தேடப் போவதாகவும் அண்ணி குழந்தையோடு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றும் சொன்னான். அண்ணி அன்று சாப்பிடவில்லை.

அண்ணி பித்தளைக் கம்பியை வளைத்து நகை செய்வார். வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் அதை வாங்கி முலாம் பூசி விற்பார். அந்த வாரம் ஒரு நடனப் பள்ளிக்காக மாங்காய் மாலைகள் கேட்டிருந்தார். மேடையில் எல்லாக் குழந்தைகளின் கழுத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி அமைந்தால் நிரந்தரமாக வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அண்ணிக்கோ, ஒரு மாங்காய் கொழுத்தால் அடுத்தது மெலிந்தது. "இது மட்டும் கெலிச்சா நீ எங்கியும் போவத் தேவையில்ல. ஒரு ஜிக்கு பண்ணிக் குடுய்யா" என்றார் அண்ணனிடம்.

நண்பனின் லேத் பட்டறையில் உட்கார்ந்து அண்ணன் செய்துகொண்டு வந்ததுதான் அந்த இரும்புப் பலகை. துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்தான். அண்ணி கையில் வாங்கியதும் கை தாழ்ந்தது.

"இன்னாய்யா இது? மாங்கா மால பண்றதுக்கா, தண்டவாளம் போடறதுக்கா?"

"வைஸ்ல மாட்டினா ஆடாம நிக்கும். நின்னுகினு வேல செய்யலாம்."

"வைஸு எங்க கீது இந்த வூட்ல? உன் தங்கச்சி தலைல மாட்டட்டா?"

தொழிற்சாலையில் எல்லாரும், பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கிற வைஸ் பொருத்திய மேசை முன்னால் நின்றுதான் வேலை செய்வார்கள். தன் மனைவி தரையில் உட்கார்ந்து, கம்பியின் நுனியைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு வளைக்கிறார் என்பது அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவனுக்குத் தெரியவில்லை. தரையில் வைத்தால் பலகை வழுக்கியது, காலால் அழுத்தினால் விளிம்பு கிழித்தது. முகம் சிவந்துபோய் அதைக் கதவோரம் வைத்துவிட்டு வெளியே போனான். ஓசூர்தான் இனி என்று நினைத்து, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை அண்ணிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் அவர் கையையும் காலையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு செய்தித்தாளை விரித்து, "காலை வை, நவுத்தாத" என்று பாதத்தைப் பிடித்து அதில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தான். அதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா வாசலிலிருந்தே கத்தினார்: "இன்னா நைனா, ரெண்டாந்தபா மெட்டி போடறியா?" அண்ணி வெட்கத்தில் காலை இழுக்க, கோடு கோணிப்போனது. அண்ணன் திட்டவில்லை, சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி வரைந்தான்.

கத்திவாக்கத்தில் உடைத்துப் போட்டிருந்த படகிலிருந்து ஒரு பலகைத் துண்டு வாங்கிவந்தான். அதில் அதே மாங்காய் வளைவில் முளைகளை நட்டு, ஓரத்தில் அண்ணியின் கட்டைவிரல் சரியாகப் பதிகிற மாதிரி ஒரு குழி குடைந்தான். இரண்டாவது பலகை தரையில் அசையவே இல்லை. மாங்காய்கள் ஒன்றுபோல விழுந்தன. கடைக்காரர் மாலைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்துக்கும் வேலை சொன்னார். ஓசூருக்கென்று கட்டி வைத்த பையிலிருந்து சட்டைகளை எடுத்து அண்ணியே மடித்துப் பீரோவில் வைத்தார். அதன்பின் அக்கம்பக்கத்துப் பெண்களும் கம்பி வளைக்க வந்தார்கள். ஒவ்வொருத்திக்கும் கால் அளவெடுத்துத் தனித்தனிப் பலகை செய்து கொடுத்தான் அண்ணன். தெருவில் அவனுக்கு மெட்டிக்காரர் என்றே பெயர் வந்துவிட்டது.

இப்போது அண்ணிக்கு மூட்டுவலி. இனி தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன மாதம் நான் போயிருந்தபோது, படகுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, "அவ்ளோதான் போ, இனிமே நான் இன்னாத்த வளைக்கறது" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அண்ணன் எழுந்து போய்க் கதவோரம் குனிந்தான். கதவு படாரென்று அடித்தது. இரும்புப் பலகையைத் துடைத்து எண்ணெய் தடவி, அக்கம்பக்கத்துக்குப் பலகை செய்யவென்று பிற்பாடு வாங்கி மேசையில் பொருத்தியிருந்த வைஸில் இறுக்கி, அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். அண்ணி உட்கார்ந்து ஒரு மாங்காய் வளைத்தார். படகுப் பலகையில் செய்த பழைய மாங்காய் ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தார். இம்மிகூடப் பிசகவில்லை.

"எனுக்கு முட்டி வலிக்கும்னு அப்பவே தெரிஞ்சி பண்ணியாய்யா?"

"அளவு கரெக்டா கீதா? அத்த சொல்லு மொதல்ல" என்றான் அண்ணன்.

கதவு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நான் போய் ஒரு செங்கல்லை எடுத்துவந்து முட்டுக்கொடுத்தேன். அது கோணலாக இருக்கிறதாம். அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.