மாமரத்து முசுறு

நேற்றுக் காலை பால்கனியில் துணி காயப்போடும்போது கழுத்தில் ஒரு சிவப்பு எறும்பு கடித்தது. நசுக்கினேன். விரலில் ஏறிய புளிப்பு வாசனை என்னைச் செம்பாக்கத்துப் பழைய வீட்டு மாமரத்தடிக்குக் கொண்டுபோனது.

எண்பதுகளில் அந்த மரம் முழுக்க முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தன. காய் பறிக்க ஏறிய அப்பாவை ஒருமுறை கடித்துப் பிடுங்கிவிட்டன. அந்தக் கோபத்தில், அடுத்த தையில் மரம் பூத்திருந்தபோது பூச்சிமருந்தோடு வந்தார்.

"பூவுல தேனீ வருதுங்க, வேணாம்," என்றாள் அம்மா. அவர் கேட்கவில்லை.

எறும்புகளோடு தேனீக்களும் செத்து விழுந்தன. காலை ரீங்காரம் நின்றுபோனது. பூவெல்லாம் உதிர்ந்தது, பிடித்துத் தின்ன முசுறு இல்லாததால் தப்பிய காய்களை வண்டு துளைத்தது. அந்தக் கோடையில் மாங்காயைக் கடையில் வாங்கினோம். அப்பா ஊறுகாயைத் தொடவே இல்லை.

மறுவருஷம் ஒருநாள் மரத்தடியிலிருந்து அவர் கத்தினார். "இங்க வாயேன்! திரும்பக் கூடு கட்டுதுங்க!" முழங்கை கடிபட்டுச் சிவந்திருந்தது.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மருந்து எடுத்தாரட்டுமா?"

"சும்மா இரு. அதுங்க பாட்டுக்கு இருக்கட்டும்," என்று அவரும் சிரித்துவிட்டார்.

கழுத்தைத் தேய்த்தபடி கீழே எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் காலிமனையில், யாரும் நடாத ஒரு இளம் மாமரம், இலை தைத்த முசுறுக் கூட்டோடு, முதல்முறையாகப் பூத்திருந்தது.